எச்சில் காபிக்கு ஒப்புதல்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார். இந்தக் கதையில் ஒரு பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் களப்பணியில் இருந்த வேதவல்லி அக்கா சொல்லிக் கேட்டதுதான். பார்த்ததையும் கேட்டதையும் கலந்து சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஏன் திடீரென்று இதை ஆரம்பிக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றபோது உங்கள் பக்கத்தில்தான் நானும் டீ குடித்தேன். நீங்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்தீர்கள். கடைக்காரர் "டீ எப்படிண்ணே?" என்றார். "சூப்பர்" என்றீர்கள். நான் குற்றம் சொல்லவில்லை சார். நானும் சூப்பர் என்றுதான் சொன்னேன். வேகாத வெயிலில் ஒரு மனுஷன் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிறார், வேறென்ன சொல்வது? ஆனால் அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்கு இது ஞாபகம் வந்துவிட்டது.

நான் மதுரையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறேன். எம்.எஸ்சி. புள்ளியியல். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. ஏதாவது தப்பாகச் சொல்லி, "இதுக்குத்தான் படிச்சியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. ஒரு எண்ணை மூன்று தடவை சரிபார்க்காமல் நான் வாய் திறக்க மாட்டேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்களிடம் ஆய்வுக்கு வந்த அந்த அம்மாவின் பெயரையும் சொல்லக் கூடாது. அருப்புக்கோட்டை அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா சுக்குமல்லி காபித்தூள் அரைத்து விற்கிறவர். தென்மாவட்டங்களில் பாதிக் கடையில் அவருடைய பாக்கெட் தொங்கும். மஞ்சள் பாக்கெட்டில் ஒரு விளக்குப் படம். ஐயோ, விளக்குப் படம் என்று சொல்லியிருக்கக் கூடாது. சரி, மறந்துவிடுங்கள்.

அவருடைய மகன் வெளியூரில் படித்துவிட்டு வந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் சுக்கு குடிக்க மாட்டார்கள், அதில் சாக்லேட் கலந்து பாலில் போட்டுக் குடிக்கிற மாதிரி புதிதாக ஒன்று செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவிடம் இருப்பது ஒரே மில். பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்ட முடியாது. சாக்லேட் வாடை ஏறினால் சுக்கு கெட்டுவிடும், சுக்கு வாடை ஏறினால் சாக்லேட் கெட்டுவிடும். ஏதாவது ஒன்றுதான். பழைய தூளை நிறுத்திவிடலாமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் எங்களிடம் வந்தார்.

எங்கள் மேலாளர் குலசேகரன் சாரிடம் அவர் கேட்டது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இது நான் நேரில் கேட்டது சார், எழுதிக்கொள்ளலாம்.

"எனக்கு ஆம்பளைத் துணை இல்லாத காலத்துல எனக்குச் சோறு போட்ட தூள் தம்பி இது. மகன் சொல்றதும் சரியா இருக்கலாம். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கிட்டு முழிக்கிறேன். நீங்க சனங்ககிட்ட கேட்டு உண்மையைச் சொல்லுங்க. உண்மை எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்."

"உண்மையைத் தவிர எங்ககிட்ட வேற சரக்கே கிடையாதும்மா" என்றார் குலசேகரன் சார். நன்றாகப் பேசுவார்.

ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நூறு பேரை வரவழைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் பழையது, ஒரு டம்ளர் புதியது கொடுத்து, "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டும். வந்தவர்களுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா அன்பளிப்பு. கேள்வி கேட்கிற பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி தொப்பியும் சட்டையும். சட்டையில் புதுப் பாக்கெட்டின் படம். அது மகன் அன்பாக அடித்துக் கொடுத்தது. வேண்டாம் என்று சொன்னால் நன்றாக இருக்காது என்று குலசேகரன் சார் வாங்கிக்கொண்டார்.

இனி வருவது வேதவல்லி அக்கா சொன்னது.

அக்கா திருமங்கலத்துக்காரர். வாய் கொஞ்சம் அதிகம். வந்தவர்களில் ஒருவர்கூட எதையும் நன்றாக இல்லை என்று சொல்லவில்லையாம். ஒரு பெரியவர் புதுக் காபியை வாயில் வைத்ததும் முகம் எட்டுக் கோணலாகப் போயிருக்கிறது. அக்கா கேட்டிருக்கிறார், "எப்படி இருக்குங்கய்யா?" அவர் அக்கா சட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாராம், அக்காவின் முகத்தைப் பார்த்தாராம். "அருமை ஆத்தா! நீ சாப்பிட்டியா, காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கியே?" என்று கேட்டுவிட்டு, டம்ளரை அப்படியே ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

இன்னொரு பெண் தன் டம்ளரைப் பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் தள்ளியிருக்கிறார். "எனக்கு வேணாம், நீ குடி." "எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" இரண்டு பேரும் "மிகவும் பிடித்திருக்கிறது" கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள்.

டம்ளர் கழுவ வந்த ஆள் பாதியில் போய்விட்டதால் அக்காதான் மீதியை எல்லாம் கொட்டிக் கழுவியிருக்கிறார். அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பழைய காபி மிச்சத்தை ஒரு பக்கெட்டிலும், புதுக் காபி மிச்சத்தை இன்னொரு பக்கெட்டிலும் கொட்டியிருக்கிறார். மதியத்துக்குள் பழைய காபி பக்கெட்டில் அடிவண்டல்தான் இருந்ததாம். புதுக் காபி பக்கெட் நிறைந்து, இன்னொரு பக்கெட் வாங்க மண்டபத்துக்காரரிடம் போக வேண்டியதாயிற்றாம். "யம்மா, காபி போட்டீங்களா, கால்வாய் வெட்டினீங்களா?" என்று அவர் கேட்டாராம்.

பக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே குரல் செய்தி. "தம்பி ஒச்சப்பா, நூறு பேரும் பொய் சொல்லிட்டாங்க. பக்கெட்டு மட்டும்தான் உண்மை சொல்லுது. இதையும் உன் கிராஃப் படத்துல சேத்துரு."

இதிலிருந்து நான் நேரில் பார்த்தது.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை சார். விவரங்கள் வந்துவிட்டன. பழையதைப் பிடித்திருக்கிறது என்றவர்கள் எண்பத்துநான்கு சதவீதம். புதியதைப் பிடித்திருக்கிறது என்றவர்கள் தொண்ணூற்றொன்று. மீதிப் பேர் 'பரவாயில்லை' கட்டத்தில். சரி. ஆனால் பக்கெட்டை எந்தக் கட்டத்தில் போடுவது? என் படிவத்தில் பக்கெட்டுக்குக் கட்டம் இல்லை. நானாகச் சேர்த்தால் அது இட்டுக்கட்டியது ஆகிவிடும். நானாக விட்டால் அது மறைத்தது ஆகிவிடும். எனக்கு எதையும் மறைத்துப் பழக்கம் இல்லை. அதனால் நேர்மையாக என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். போட்டோவை எடுத்துக்கொண்டு போய் குலசேகரன் சாரிடம் காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "யார் எடுத்தது?" என்றார். சொன்னேன். பொய் சொல்ல முடியுமா?

"ஒச்சப்பா, அந்தக் காபியைக் குடிச்சவங்ககிட்ட, நீங்க மிச்சம் வைக்கிறதை நாங்க கவனிப்போம்னு முன்னாடியே சொன்னாங்களா?"

"இல்லை சார்."

"ஒப்புதல் வாங்கினாங்களா?"

"இல்லை சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாரோ செத்துப்போன செய்தி கேட்ட மாதிரி. "நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு மீறல் நடக்கும்னு நான் நினைக்கவே இல்லப்பா" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் வாசலுக்கு நேர் எதிரே ஆய்வு நெறிமுறைகள் என்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. செவ்வாய், வெள்ளியில் பூ வைப்பார்கள். அதில் முதல் வரியே, பங்கேற்பவரின் ஒப்புதல் இல்லாமல் அவரைப் பற்றிய எந்தத் தகவலையும் திரட்டக் கூடாது என்பதுதான். அதுவரை அந்த வரியை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அது வேலை செய்தது.

நெறிமுறைக் குழு என்று ஒன்று கூட்டினார்கள். குலசேகரன் சார், கணக்கு பார்க்கிற அவருடைய வீட்டம்மா, மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக நான். வேதவல்லி அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"ஏம்மா, ஒருத்தர் வாய் திறந்து ஒண்ணு சொல்றாரு. அதை மதிக்காம, அவர் எச்சிலை ஆராய்ச்சி பண்றது நாகரிகமா?"

"சார், எச்சில் டம்ளரைக் கழுவுறவ கண்ணை மூடிக்கிட்டா கழுவ முடியும்?"

"பார்த்தது தப்பில்ல. பதிவு பண்ணினது தப்பு."

"அப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கணுமா? 'இதனால் சகலமானவர்களுக்கும், என் மிச்சக் காபியைக் கொட்ட எனக்குச் சம்மதம்'னு?"

சாரின் வீட்டம்மா சிரித்துவிட்டார். சார் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வேதவல்லி, இது விளையாட்டு இல்ல. ஒச்சப்பா, நீ சொல்லு. ஒப்புதல் வாங்கப்பட்டதா இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, யோசிச்சுச் சொல்லுப்பா" என்றார். யோசித்தேன் சார். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒப்புதல் வாங்கவில்லை என்பதுதான் உண்மை. "வாங்கப்படவில்லை" என்று சொன்னேன்.  அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் என் மேசையில் திறந்திருந்த கிராஃபைப் பார்த்து நின்றார்.

"என்னடா இது? பழசு எலிக்குட்டி மாதிரி இருக்கு. புதுசு கோயில் தேர் மாதிரி நிக்குது. ஏழு சதவீதத்துக்கா இவ்வளவு உயரம்?"

"எண்பதுல ஆரம்பிச்சிருக்கேன்க்கா. பூஜ்யத்துல ஆரம்பிச்சா ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும். கிளையன்ட்டுக்கு வித்தியாசம் புரியாது."

"ஓஹோ. ரெண்டும் ஒண்ணு போல இருந்தா, ஒண்ணு போலத் தெரியக் கூடாதா? காலை வெட்டிட்டு உயரம் பாக்குற."

அக்காவுக்குப் புள்ளியியல் தெரியாது சார், பி.காம். ஓரத்தில் எண்பது என்று சின்னதாகப் போட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. இன்றைக்கு வரைக்கும் மாற்றியதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது எண் அல்ல, அது ரசனை. குலசேகரன் சாரே அதைத்தான் பாராட்டினார்.

அந்த அம்மா வந்தார். வடிவாம்பாள் அம்மா. சொல்லிவிட்டேன் பாருங்கள். தயவுசெய்து இந்தப் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள் சார், என் வேலை போய்விடும்.

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான்தான் கிராஃபைத் திரையில் காட்டினேன். சின்னக் கட்டம், பெரிய கட்டம். அந்த அம்மா பெரிய கட்டத்தைப் பார்க்கவே இல்லை. சின்னதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா நம்ம பழைய தூளு?" என்றார்.

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "தம்பி, நீ படிச்ச பிள்ளை. உன் முகத்தைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரி தெரியல. இந்தத் தொண்ணூத்தொரு பேரும் புதுசைக் குடிச்சாங்களா?"

 கேள்வியை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். குடித்தார்களா? டம்ளரில் வாய் வைத்தார்கள். அது குடித்ததுதானே?

"பிடிச்சிருக்குன்னு சொன்னாங்கம்மா" என்றேன். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

"சொன்னாங்க, சரி. குடிச்சாங்களா?"

"அதையேதாம்மா தம்பி சொல்றாரு" என்றார் குலசேகரன் சார். "சனங்க வாயால சொன்னதுக்கு மேல வேற என்ன ஆதாரம் வேணும்?"

அந்த அம்மா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கெட் பற்றிக் கேட்டிருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பேன் சார். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காததை நாமாகச் சொல்வது கிளையன்ட்டின் முடிவில் தலையிடுவது. அதுவும் நெறிமுறையில் இருக்கிறது.

பழைய தூளை நிறுத்திவிட்டார். இப்போது கடைகளில் மஞ்சள் பாக்கெட் கிடையாது. புதுப் பாக்கெட்தான் தொங்குகிறது. அதன் முதுகில் என் கிராஃபை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். பாக்கெட் சின்னதாக இருப்பதால் ஓரத்தில் இருந்த எண்பதை எடுத்துவிட்டார்கள். அது அச்சகத்தில் செய்தது, எனக்குச் சம்பந்தம் இல்லை.

விற்கிறதா என்று கேட்கிறீர்கள். அது எங்கள் ஆய்வின் எல்லைக்குள் வராது. போன மாதம் அந்த அம்மா போன் பண்ணினார். கடைக்காரர்களெல்லாம் பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்களாம். ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்று அழுகிற குரலில் கேட்டார். முடியும் என்று குலசேகரன் சார் சொல்லியிருக்கிறார். அதே மண்டபம்தான். இந்தத் தடவை டம்ளர் கழுவ வெளி ஆள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வேதவல்லி அக்கா வேலைக்கு வரவில்லை, எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது. நெட் இல்லாமல் இருக்கும்.

நான் இப்போது கோயம்புத்தூர் போவதே இது சம்பந்தமாகத்தான். நாளைக்குச் சிறுதொழில் செய்பவர்கள் கூட்டம் ஒன்று. 'வணிக ஆய்வில் நேர்மை' என்று அரைமணி நேரம் பேச வேண்டும். குலசேகரன் சார்தான் பேசுவதாக இருந்தது. "நீ போ ஒச்சப்பா, உன்னைப் பார்த்தாலே நம்புறாங்க" என்று அனுப்பிவிட்டார். ஒப்புதலின் முக்கியத்துவத்துக்கு உதாரணமாக அக்கா விஷயத்தைச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். பெயர் சொல்லாமல்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சார்? இல்லை, நன்றாக இருக்கிறது என்று சும்மா சொல்லாதீர்கள். நிஜமாகச் சொல்லுங்கள்.

பல்லடம் வந்துவிட்டதா? நீங்கள் இங்கேதான் இறங்க வேண்டுமா? ஒரு நிமிஷம் சார், ஒன்று மட்டும். இது யாரும் சொல்லிக் கேட்டது இல்லை, நானே சரிபார்த்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பாக்கெட் ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டுபோனேன். முதுகில் இருந்த படத்தை அம்மாவிடம் காட்டி, "இது நான் போட்டதும்மா" என்றேன். அம்மா சத்துணவுக் கூடத்தில் ஆயா. பிள்ளைகள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் எழுந்துபோக விட மாட்டார். வீட்டில் நீராகாரத்தைக்கூட வீணாக்கிப் பார்த்ததில்லை. படத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் பாலைக் காய்ச்சி, ஒரு டம்ளர் கலந்து எடுத்துக்கொண்டு வந்தார். என் எதிரே நின்று வாயருகே கொண்டுபோனார்.

"எப்படிம்மா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குடா ராசா" என்றார். "நீ போட்டதாச்சே." டம்ளரோடு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அவர் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனதும் நான் அடுப்படிக்குப் போனேன். அரிசிப் பானைக்குப் பின்னால், தட்டுப் போட்டு மூடி, அந்த டம்ளர் இருந்தது. அம்மாவிடம் ஒப்புதல் வாங்கவில்லை, அது மீறல்தான், அதனால் நீங்கள் இதை யாரிடமும் சொல்லக் கூடாது. தட்டைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பு வரைக்கும் இருந்தது சார். மேலே ஆடை கட்டி, ஒரு கிழிசல்கூட இல்லாமல்.